குறுக்குக் கம்பத்தில் தொங்கிய கோல்கீப்பர்

1942 ஜனவரியில், உலகப் போர் உச்சத்தில் இருந்த நாட்களில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர நாளிதழ் ஒன்றுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்பந்து பார்த்துவந்தவர் அவர். ஆலிவ் குரோவ் மைதானத்தில் ராதர்ஹாம் அணியும் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியும் மோதிய ஓர் ஆட்டத்தில், ஆர்தர் வார்ட்டன் என்ற கோல்கீப்பர் எம்பிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியதையும், வந்த பந்தை இரண்டு கால்களுக்கும் நடுவே கவ்வியதையும், அவரை நோக்கி ஓடிவந்த மூன்று முன்கள ஆட்டக்காரர்கள் நிற்க முடியாமல் வலைக்குள் போய் விழுந்ததையும் அவர் எழுதியிருந்தார். விழுந்த மூவரின் பெயர்கள்கூட அவருக்கு நினைவிருந்தன. அப்படியொரு தடுப்பை அதற்குப் பின் தாம் கண்டதே இல்லை என்பது அவருடைய சாட்சியம். அந்தக் கடிதம் அச்சானபோது வார்ட்டன் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை.

நான் வார்ட்டனை வந்தடைந்தது வேறொரு குறுக்குக் கம்பத்தின் வழியாக. 2010 ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கானாவும் உருகுவேயும் ஆடிய உலகக் கோப்பைக் காலிறுதியை நம்மில் பலர் நள்ளிரவில் கண்விழித்துப் பார்த்திருப்போம். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலுக்குள் போயிருக்க வேண்டிய பந்தை, கோல்கீப்பரே அல்லாத உருகுவே ஆட்டக்காரர் சுவாரெஸ் கையால் தடுத்தார். அதற்காகக் கிடைத்த பெனால்டியை கானாவின் அசமோவா கியான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். ஆட்டம் கைவிட்டுப் போனது. அன்று தூக்கம் வராமல் கானா நாட்டுக் கால்பந்தைப் பற்றி எதையெதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த மண்ணில் பிறந்து 1880களில் இங்கிலாந்தில் கோல்கம்பங்களுக்கு நடுவே நின்ற ஒருவரின் பெயர் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பள்ளி அணியில் நான்கு ஆண்டுகள் கோல்கீப்பராக நின்றவன் என்பதால், அந்தப் பெயரை அப்படியே கடந்துபோக என்னால் முடியவில்லை.

கால்களால் பந்தைப் பிடித்த அந்த வித்தையை முதலில் படித்தபோது, கிழவர்கள் பழைய ஆட்டங்களைப் பற்றி அளக்கும் வழக்கமான கதை என்றுதான் நினைத்தேன். அன்றைய விதிகளைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. இன்று கோல்கீப்பரை லேசாக இடித்தாலே நடுவர் ஊதிவிடுகிறார். வார்ட்டன் ஆடத் தொடங்கிய காலத்திலோ, பந்து அவர் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோல்கீப்பரைத் தோளால் மோதிக் கோலுக்குள் தள்ளுவது முறையான ஆட்டம். 1890களின் தொடக்கத்தில்தான் அதற்கு ஓரளவு கட்டுப்பாடு வந்தது. ஒருவர் பந்தை அடிப்பதும், மற்ற இருவர் கோல்கீப்பரைக் குறிவைத்துக் காளைபோல் பாய்வதும் சாதாரணமான தாக்குதல் உத்தி. இதற்கு ஈடாகக் கோல்கீப்பருக்கும் சில சலுகைகள் இருந்தன. தம் பாதி மைதானத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் அவர் பந்தைக் கையால் தொடலாம் என்ற விதி 1912 வரை நீடித்தது. அவருக்கென்று தனி நிறச் சட்டை 1909-க்குப் பிறகே வந்தது என்பதால், அதுவரை மற்ற பத்துப் பேர் அணிந்த அதே சட்டையைத்தான் அவரும் அணிந்திருந்தார்.

இந்தச் சூழலில் வைத்துப் பார்த்தால் வார்ட்டன் செய்தது கோமாளித்தனமாகத் தெரியவில்லை. குறுக்குக் கம்பம் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக் கால்களை முன்னால் தூக்கினால், தொடைகள் ஏறத்தாழ ஓர் ஆளின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். நெஞ்சுக்கு நேராக வரும் பந்தைத் தரையில் நின்று கையால் பிடித்தால், பிடித்த கணத்திலேயே மூன்று தோள்கள் மோதிப் பந்தோடு சேர்த்து ஆளையும் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். மேலே தொங்கினாலோ, மோத வருபவர்கள் எந்த உடம்பை நம்பி அந்த வேகத்தில் வந்தார்களோ அந்த உடம்பு அங்கே இல்லை. வந்த வேகத்திலேயே அவர்கள் வலைக்குள் போக வேண்டியதுதான். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இத்தனையும் கணக்கிட்டு எம்புவதற்கு, ஓட்டக்காரனின் காலும் கழைக்கூத்தாடியின் தோளும் வேண்டும். வார்ட்டனிடம் இரண்டும் இருந்தன. கோலின் ஒரு மூலையில் குந்தியபடி காத்திருந்து, கடைசிக் கணத்தில் பாய்ந்து வந்து பந்தைக் குத்தி அனுப்புவது அவருடைய இன்னொரு பழக்கம். அந்தக் குத்து சில வேளைகளில் பந்துக்குப் பதில் எதிராளியின் தலையில் இறங்கும் என்றும் சொல்வார்கள்.

ஆர்தர் வார்ட்டன் 1865 அக்டோபர் 28 அன்று, அன்று கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், அக்ரா நகரின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். தந்தை ஹென்றி வார்ட்டன் மேற்கிந்தியத் தீவுகளின் கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் போதகர்; அவருடைய தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் அந்தக் கடற்கரைப் பகுதியின் ஃபாண்டே இன அரச குடும்பத்தோடு தொடர்புடையவர். நல்ல வசதியான, படித்த, கடற்கரை நகரத்துக் குடும்பம். மகனும் போதகராகவோ ஆசிரியராகவோ வர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1882-இல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே வடகிழக்கில் உள்ள டார்லிங்டன் நகரின் கிளீவ்லேண்ட் கல்லூரியில் அவர் சேர்ந்தார். ஊரில் எதிர்பார்த்த பிரசங்கம் மட்டும் கடைசிவரை நடக்கவில்லை. வேதாகமத்தைவிட ஓட்டப் பாதையே அவரை இழுத்தது.

கோல்கீப்பராக அறியப்படுவதற்கு முன்பே நாடறிந்த ஓட்டக்காரராக அவர் ஆகிவிட்டார். 1886 ஜூலையில் லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த தேசிய அமெச்சூர் தடகளப் போட்டியில் நூறு கெஜத்தை, அதாவது 91 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை, 10 வினாடிகளில் ஓடிப் பட்டம் வென்றார். அந்தப் போட்டியில் ஒருவர் பத்து வினாடியைத் தொட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டும் பட்டம் அவருக்கே. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்றவுடன் நமக்குச் செல்சீதான் நினைவுக்கு வரும். செல்சீ கிளப் பிறந்ததே 1905-இல்தான், அதற்கு முன் இருபத்தெட்டு ஆண்டுகள் அது தடகள மைதானம். வார்ட்டன் கிரிக்கெட்டும் ஆடினார், சைக்கிளும் ஓட்டினார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கைவைப்பவரைப் பற்றி நமக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். வார்ட்டனைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

டார்லிங்டன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரைக் கவனித்து அழைத்துக்கொண்ட கிளப் பிரஸ்டன் நார்த் எண்ட். அன்றைய இங்கிலாந்தில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்காக 1884-இல் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்தின் தேசியக் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட கிளப்பும் அதுதான். அந்தத் தகராறின் விளைவாகவே 1885-இல் தொழில்முறைக் கால்பந்து சட்டபூர்வமானது. வார்ட்டன் அங்கே சம்பளம் வாங்காத அமெச்சூராகத்தான் ஆடினார். 1886–87 பருவத்தில் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதிவரை முன்னேறி, வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனிடம் 1–3 என்று தோற்ற பிரஸ்டன் அணியில் அவர் இருந்தார். அதன்பின் ஓட்டத்தில் முழுக் கவனம் செலுத்துவதற்காக அணியை விட்டு விலகினார்.

இந்த விலகல்தான் அவருடைய பெயரைப் புதைத்தது என்பது என் கணிப்பு. 1888 செப்டம்பரில் பன்னிரண்டு கிளப்புகளுடன் ஃபுட்பால் லீக் தொடங்கியது. உலகின் முதல் கால்பந்து லீக் அது. அந்த முதல் பருவத்தில் பிரஸ்டன் ஆடிய 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கோப்பையையும் சேர்த்து வென்றது. ‘வெல்ல முடியாதவர்கள்’ என்ற பட்டப்பெயரோடு அந்த அணி வரலாற்றில் ஏறிவிட்டது. இன்றைக்கு ஒரு பழைய ஆட்டக்காரரைப் பற்றி விசாரித்தால், லீக்கில் எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கணக்குப் புத்தகம் 1888-இல்தான் திறக்கப்பட்டது. வார்ட்டன் தம் உச்சத்தில் இருந்த ஆண்டு அதற்கு முந்தைய பக்கத்தில், எழுதப்படாத பக்கத்தில் விழுந்துவிட்டது. அவர் அங்கேயே இருந்திருந்தாலும், கோல்கீப்பருக்கு எந்தக் கணக்கு எழுதியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு நீண்ட நோட்டு வைத்திருந்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம், கோல் அடித்தவர்களின் பெயர் சிவப்பு மையில், எதிரே நிமிடம். நான்கு ஆண்டுகளில் என் பெயர் அந்த நோட்டில் இரண்டே முறை வந்தது. இரண்டும் நான் கோல் விட்டதற்கான குறிப்புகள். தடுத்த பந்தை எழுத அந்த நோட்டில் கட்டமே கிடையாது.

வார்ட்டனைப் பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். 1887 அக்டோபரில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை, கோல்கம்பங்களுக்கு நடுவே குறும்பு விளையாட்டுக்கு இடமில்லை என்பது இந்தக் கறுப்பனின் தடித்த மண்டையில் உறைக்காதா என்று, இதைவிட இழிவான சொல்லைப் பயன்படுத்திக் கேட்டது. அவர் நிதானமாக நிற்பதைச் சிலர் பாராட்டுகிறார்கள், அதெல்லாம் வெறும் பிதற்றல் என்றும் அதே பத்தி சொன்னது. மேற்கிலிருந்து கிழக்குவரை பேரரசை விரித்துவைத்திருந்த நாட்டில் இந்த வசை வியப்பளிக்கவில்லை. என்னை நிறுத்தியது வேறு. குத்துவதும் தொங்குவதும் குந்தியிருந்து பாய்வதும் மோதலிலிருந்து தப்பிக்க ஒரு மனிதர் கண்டுபிடித்த தொழில் நுணுக்கங்கள். அதே நுணுக்கத்தை வெள்ளையர் ஒருவர் செய்திருந்தால் மூளை என்றிருப்பார்கள், இவர் செய்ததால் சேட்டை என்றார்கள். பந்தையும் கோலையும் பற்றிய தீர்ப்பிலேயே தோலின் நிறம் கலந்துவிட்டது. இந்த வேறுபாடு இன்றைய வர்ணனையாளர்களிடமும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

1889-இல் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்த ஊர்ப் பெண்ணான எம்மா லிஸ்டரை மணந்தார். பல ஆட்டக்காரர்களைப் போல மதுக்கடை நடத்தினார். அக்காலத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரருக்குக் கிளப்புகளும் சாராய ஆலைகளும் கொடுத்த ஓய்வூதியமே அதுதான் என்று சொல்லலாம், கல்லாவில் அவர் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். அந்தத் தொழிலுக்குள் இருந்த ஆபத்து வார்ட்டனையும் விடவில்லை. குடிப்பழக்கம் மெல்ல அவரைப் பற்றிக்கொண்டது. இடையில் பிறந்த நாட்டுக்குத் திரும்பலாம் என்று எண்ணி, கோல்டு கோஸ்ட் காலனி நிர்வாகத்தில் வேலைக்கு முயன்றார். காசுக்கு ஓடி ஆடிப் பெயர் வாங்கிய ஒருவர் காலனி அதிகாரியாக இருப்பது தகுதிக் குறைவு என்று கருதி அந்த விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். எந்தக் கால்கள் அவரை இங்கிலாந்தில் உயர்த்தினவோ, அந்தக் கால்களே ஊருக்குத் திரும்பும் வழியை அடைத்தன.

1894-இல் லீக்கின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இருந்த ஷெஃபீல்டு யுனைடெட் அவரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் அந்தக் கிளப் இன்னொரு கோல்கீப்பரையும் எடுத்தது: பின்னாளில் நூறு கிலோவை வெகுவாகத் தாண்டி, ‘ஃபேட்டி’ என்ற பட்டப்பெயரோடு இங்கிலாந்து முழுவதும் அறியப்பட்ட வில்லியம் ஃபௌக். இருபது வயது நிரம்பிய ஃபௌக் முன்னே நிற்க, முப்பதை நெருங்கிய வார்ட்டன் பெரும்பாலும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பருவத்தில் அவர் ஆடியது மூன்றே ஆட்டங்கள். அவற்றில் ஒன்று, அவ்வாண்டு பட்டம் வென்ற சண்டர்லேண்டுக்கு எதிரானது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரு கறுப்பர் ஆடியது அதுவே முதல் முறை. பிறகு ஸ்டாலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட் என்று சிறிய அணிகள். கடைசியாக இரண்டாம் டிவிஷனில் ஸ்டாக்போர்ட் கவுண்டி. 1902-இல், முப்பத்தாறு வயதில், ஆட்டத்தை விட்டார்.

‘உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர்’ என்ற அடைமொழி இல்லாமல் வார்ட்டனைப் பற்றிய கட்டுரை எதையும் இன்று காண முடியாது. இந்த ‘முதல்’ என்ற சொல்லோடு எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. வார்ட்டன் இங்கிலாந்துக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில், 1881 மார்ச்சில், லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 6–1 என்று வீழ்த்திய ஸ்காட்லாந்து அணியின் தலைவராக இருந்தவர் ஆண்ட்ரூ வாட்சன். தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பர் அவர். அவர் எங்கே சம்பளம் வாங்கினார், எங்கே வாங்கவில்லை, யார் யாரை முந்தினார் என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்றும் நடக்கிறது. அந்த வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும், ஆலிவ் குரோவில் எம்பிக் கம்பத்தைப் பிடித்த கைகளுக்கு அதனால் ஒன்றும் கூடவோ குறையவோ போவதில்லை. பட்டியலின் முதல் வரியில் ஒருவரை நிறுத்திவிட்டால், அவர் எப்படி ஆடினார் என்று கேட்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது. அந்தச் சோம்பலில் நானும் சில ஆண்டுகள் இருந்தவன்தான்.

அவருடைய கடைசிக் காலத்தையும் இதேபோல் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: குடித்து, வறுமையில் செத்தார் என்று. டான்காஸ்டருக்கு அருகே எட்லிங்டனில், பூமியில் புதிதாகத் துளையிட்டுத் திறந்த யார்க்‌ஷயர் மெய்ன் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டிகளை இழுக்கும் தொழிலாளியாக அவர் பல ஆண்டுகள் உழைத்தார். நூறு கெஜத்தைப் பத்து வினாடியில் கடந்தவர் இருட்டுக்குள் நிலக்கரி வண்டி இழுத்தார் என்பது எழுதுகிறவருக்கு எளிதில் கிடைக்கும் சோகம்தான். ஆனால் அந்தப் பகுதியில் கால்பந்து ஆடிய வெள்ளையர்களில் எண்ணற்றோர் சுரங்கத்திலிருந்து வந்து சுரங்கத்துக்கே திரும்பினார்கள். 1901-இல் ஆட்டக்காரரின் உச்சவரம்புச் சம்பளம் வாரத்துக்கு நான்கு பவுண்டு என்று கட்டிப்போடப்பட்டது; தொகை பின்னர் மாறினாலும் அப்படியொரு வரம்பு அறுபது ஆண்டுகள் நீடித்தது. அதில் சேமித்து முதுமையை ஓட்டியவர்கள் சிலரே. வார்ட்டனின் வீழ்ச்சியில் அவருடைய நிறத்துக்கும் குடிக்கும் பங்கு இருந்திருக்கலாம். தொழிலாளியின் உடம்பைப் பிழிந்துவிட்டு வெளியே அனுப்பும் தொழில் என்ற அளவில் அன்றைய கால்பந்துக்கும் அதில் பங்கு இருந்தது. உழைத்துச் சோறு தின்றதை அவமானமாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

1930 டிசம்பர் 13 அன்று, அறுபத்தைந்து வயதில், நோயுற்று இறந்தார். எட்லிங்டன் இடுகாட்டில் மூன்றாம் வகுப்புக் குழியில், அடையாளம் எதுவும் இல்லாமல் புதைக்கப்பட்டார். அறுபத்தாறு ஆண்டுகள் அந்த இடத்தில் புல் மட்டுமே இருந்தது. ஃபில் வாசிலி என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாக மீட்டெடுத்தார். கால்பந்தில் நிறவெறிக்கு எதிராக ஷெஃபீல்டிலிருந்து இயங்கிய ஓர் அமைப்பு பணம் திரட்டியது. 1997-இல் அந்தக் குழியின் தலைமாட்டில் கல் நட்டார்கள். 2003-இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் அவருடைய பெயர் சேர்ந்தது. 2014-இல், இங்கிலாந்து தேசிய அணிகள் பயிற்சி பெறும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. அவர் ஒருநாளும் இங்கிலாந்து அணிக்கு ஆட அழைக்கப்படவில்லை என்பதை அந்தச் சிலையைக் கடந்து பயிற்சிக்குப் போகும் இளைஞர்களுக்கு யாராவது சொல்கிறார்களா என்று அறிய ஆவல்.

சிலையின் படங்களை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். உடம்பு முழுவதும் மேல்நோக்கி நீண்டு, ஒரு கை பந்தை எட்டுகிறது. எந்தக் கோல்கீப்பருக்கும் பொருந்தும் அழகான அசைவு. சிற்பியைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பற்றித் தொங்கிக் கால்களுக்கிடையே பந்தைக் கவ்விய ஒருவரை வெண்கலத்தில் வார்த்தால், பார்ப்பவர்கள் சிரித்துவிடக்கூடும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பள்ளி மைதானத்துக்குப் போயிருந்தேன். அதே இரும்புக் கோல்கம்பங்கள், நாங்கள் ‘பார்’ என்று அழைத்த அதே குறுக்குக் கம்பம், மேலே புதிதாக ஒரு பூச்சு வெள்ளை வர்ணம். தங்கை மகனைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, நெஞ்சுக்கு நேராகப் பந்தை எறியச் சொன்னேன். மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று அவன் ஒரு கணம் தயங்கிவிட்டு எறிந்தான். முதல் முறை எம்பியபோது விரல்நுனிதான் கம்பத்தில் பட்டது. இரண்டாம் முறை பிடித்துவிட்டேன்; ஆனால் வெயிலில் பழுக்கக் காய்ந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டதில், பந்து வருவதற்குள் கீழே இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை தொங்கிக் கால்களைத் தூக்கும்போதே பந்து முழங்காலில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்தை ஓடிப்போய் எடுத்த பையன், அதைக் காலால் மெல்லத் தட்டி எனக்குக் கீழாகக் கோலுக்குள் உருட்டிவிட்டு, கோல் என்று கத்தினான்.